திங்கட்கிழமை எழுதியிருக்க வேண்டிய கோப்பு

போன வருடம் ஏப்ரலில், கல்லூரி செமஸ்டர் தேர்வுகள் தொடங்கிய முதல் நாள் அது. காலை எட்டே முக்கால் மணிக்குக் கோபாலபுரத்தில் எங்கள் அமைப்பின் அலுவலகப் பூட்டைத் திறந்து மின்விசிறியைப் போட்டேன். கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை, தொலைபேசி அடித்தது. அலுவலகம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு பழைய பங்களாவின் கார் ஷெட்டைத் தடுத்து இரண்டு மேஜை, ஒரு கணினி, ஒரு இரும்பு பீரோ போட்டிருக்கிறோம். மழை பெய்தால் பீரோவை நகர்த்த வேண்டும்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பார்வையற்ற மாணவர்கள் தேர்வு எழுதும்போது, அவர்கள் விடையைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஓர் ஆள் வேண்டும். ஸ்கிரைப் என்பார்கள். சம்பளம் வாங்காமல் அப்படி எழுத முன்வருகிறவர்களைப் பதிவு செய்து, எந்த மாணவருக்கு எந்த நாளில் யார் என்று பொருத்தி அனுப்புவதுதான் நாங்கள் செய்வது.

தொலைபேசியில் பேசியவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர். அவர் மகள் பி.ஏ. வரலாறு, கடைசி வருடம். அவர்கள் குடும்பம் முன்பு அடையாற்றங்கரையில் இருந்தது. இப்போது ஊருக்கு வெளியே குடியிருப்பு கொடுத்து மாற்றிவிட்டார்கள். அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பி மயிலாப்பூரில் இருக்கும் தேர்வு மையத்துக்கு இரண்டு பேரும் வந்துவிட்டிருந்தார்கள்.

"மேடம், எழுத வர்ற பொண்ணு வர்ல மேடம். போன் பண்ணா அவங்க அண்ணன் எடுக்கறாரு. ராத்திரிலேர்ந்து ஒரே வாந்தியாம், ஆஸ்பத்திரியில சேத்துக்கிறாங்களாம். இப்போ இன்னா பண்றது?"

பத்து மணிக்குத் தேர்வு. அதற்குள் புதிய ஆளை அனுப்பி, தலைமைக் கண்காணிப்பாளர் அறையில் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட வைக்க வேண்டும். பத்தரைக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். இந்தத் தாளை விட்டால் பட்டம் இந்த வருடம் கிடையாது. அந்தப் பெண் பி.எட். சேருவதற்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். விண்ணப்பத்தை அவளுக்குப் படித்துக் காட்டி நிரப்பிக் கொடுத்ததே நான்தான்.

நீங்களே போய் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதக் கூடாது. அந்த மையத்தின் விதிப்படி, எழுதுகிறவர் மாணவரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும். நான் எம்.எஸ்.சி. எங்கள் பட்டியலில் பாதிப் பேர் ஓய்வு பெற்ற பட்டதாரிகள், இந்த விதியால் இவர்கள் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பயன்படமாட்டார்கள். பிளஸ் டூ வரை படித்தவர், தமிழ் வேகமாக எழுதுகிறவர், பக்கத்தில் இருப்பவர், அன்று காலை நேரம் உள்ளவர் என்று நான்கும் பொருந்துகிற ஆள் வேண்டும். என் கைபேசியில் அப்படி மூன்று எண்கள் இருந்தன. ஒருவர் வேறு மையத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். மூன்றாமவர் எடுக்கவில்லை.

பரவாயில்லை, இதற்காகத்தானே இணையச் செயலி வைத்திருக்கிறோம் என்று கணினி முன் உட்கார்ந்தேன். பகுதி, தேதி, மொழி, படிப்பு எல்லாம் கொடுத்துத் தேடு என்பதை அழுத்தினேன். திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த வட்டத்தைப் பற்றி மேலே சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கணினிப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். கணினிக்கு நிரல் ஊட்டும் துளையிட்ட அட்டைகள் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலத்தில் சேர்ந்தேன். அங்கே ஒரு நிரலில் ஒரு வரியை மாற்ற மூன்று கையெழுத்து வேண்டும். எல்லோரும் அதைக் கேலி செய்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எந்தப் பொருளுக்குப் பெயர் வைத்தாலும், வகைக்கு இரண்டு எழுத்து, வரிசைக்கு இரண்டு இலக்கம், பிறகு விவரம், எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் என்பது அங்கே வழக்கம். ஓய்வுக்குப் பிறகும் என் கை அதை விடவில்லை. வீட்டில் பருப்பு டப்பாவில்கூட அப்படித்தான் ஒட்டியிருக்கிறேன்.

எங்கள் செயலியை எழுதியவர் தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். வேலை மென்பொருள் நிறுவனத்தில், பண்டிகைக் காலத்தில் கடைக் கல்லாவில், மிச்ச நேரத்தில் எங்களுக்கு. கெட்டிக்காரர். ஆனால் நான் வந்து பார்த்தபோது அவர் கோப்புகளுக்கு வைத்திருந்த பெயர்களின் வரிசை இது: சரிசெய்தது, சரிசெய்தது இரண்டு, கடைசி, கடைசி புதுசு. எனக்குத் தலை சுற்றியது.

ஒரு நல்ல விஷயமும் இருந்தது. இப்போதெல்லாம் இணையச் செயலிகளை முதல் செங்கல்லிலிருந்து யாரும் கட்டுவதில்லை. ஃபிரேம்வொர்க் என்று தயாராகவே ஒரு சட்டகம் கிடைக்கிறது. அதில் மைக்ரேஷன் என்று ஓர் ஏற்பாடு உண்டு. தரவுத்தளத்தின் அமைப்பில் என்ன மாற்றம் செய்தாலும் அதை வரிசை எண் போட்ட ஒரு சின்னக் கோப்பாக எழுத வேண்டும். அந்தக் கோப்பை ஓட்டினால் மாற்றம் நடக்கும். நாளைக்கு வேறொரு சர்வருக்குப் போனால் கோப்புகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஓட்டினால் போதும், அதே அமைப்பு அப்படியே எழுந்து நிற்கும். முப்பத்து நான்கு வருடம் மனிதர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டதை யாரோ கணினிக்கே கற்றுக்கொடுத்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

உடனே எட்டுப் பக்கத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு எழுதினேன். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் யாராக இருந்தாலும் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. மாற்றம் எதுவும் மைக்ரேஷன் வழியாக மட்டும். ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும், பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். நம் துணிக்கடைக்காரர் அதற்கு மேடத்தோட பீனல் கோடு என்று பெயர் வைத்தார். வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்புதான் புதிய சர்வருக்கு மாறியிருந்தோம். பழையதைக் கொடுத்திருந்த புரவலர் அந்த இடத்தை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். மாற்றும் வேலை முழுக்க என் குறிப்பின்படி நடந்தது. வெறும் தரவுத்தளத்தில் மைக்ரேஷன்களை வரிசையாக ஓட்டி, பிறகு தரவுகளை ஏற்றினோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான் டிக் அடித்தேன். சோதனை செய்தபோது தேடல் முடிவு வரப் பத்து விநாடி ஆனது. முன்பு ஒரு நொடிகூட ஆகாது. பதிவேட்டில் நான் எழுதியதை இப்போதும் பார்க்கலாம்: சற்றுத் தாமதம், ஏற்கத்தக்கது. கீழே என் கையெழுத்து.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். வட்டம் இரண்டு நிமிடம் சுற்றிவிட்டு, மன்னிக்கவும் என்று ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டியது. மறுபடி அழுத்தினேன். மறுபடி வட்டம். தேர்வு தொடங்கும் நாள் என்பதால் மற்றக் கல்லூரிக்காரர்களும் எழுதுகிறவர்களும் அதே நேரத்தில் உள்ளே வந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே வட்டம்.

சர்வர் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். ஒன்பது நிமிடம் புல்லாங்குழல் இசை கேட்டேன். பிறகு ஓர் இளைஞர் வந்து, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், எங்கள் பக்கம் எல்லாம் பச்சை விளக்கு என்றார். பச்சை விளக்கு எரிகிறது, சரி, வண்டி ஏன் நகரவில்லை என்று கேட்டேன். புகார் எண் கொடுக்கிறேன், இருபத்து நான்கு மணி நேரத்தில் பதில் வரும் என்றார். தேர்வு மூன்று மணி நேரம்தான் தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இடையில் ஆட்டோக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். "மேடம், கம்ப்யூட்டரு இன்னா சொல்து? பாப்பா பாடத்த சொல்லிப் பாத்துக்கினு கீது. நான்தான் கேட்டாண்ட நடந்துக்கினே கீறேன்."

ஒன்பதேகாலுக்குத் துணிக்கடைக்காரர் அகப்பட்டார். கடைக்கு மேலே இருக்கும் வீட்டிலிருந்தே தன் கணினியில் உள்ளே போய்ப் பார்த்தார். இரண்டே நிமிடத்தில் சொன்னார்.

"மேடம், அந்த நேரப் பட்டியல் டேபிள்ல இண்டெக்ஸே இல்ல. ஒவ்வொரு தேடலுக்கும் மொத்த டேபிளையும் படிச்சுக்கிட்டு இருக்கு."

யார் எந்த நாள் காலையில், மாலையில் வர முடியும் என்பதை வைத்திருக்கும் பட்டியல் அது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வரிகள் சேர்ந்து லட்சக்கணக்கில் போய்விட்டது. ஐந்நூறு பக்கப் புத்தகத்தில் ஒரு பெயரைத் தேட, கடைசியில் இருக்கும் பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பலாம். பட்டியல் இல்லையென்றால் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதுதான். தரவுத்தளத்தில் அந்தப் பெயர்ப் பட்டியலுக்குத்தான் இண்டெக்ஸ் என்று பெயர். நூறு பேர் ஒரே நேரத்தில் ஐந்நூறு பக்கத்தையும் முதலிலிருந்து படித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிக்கொண்டிருந்தது.

"அதெப்படி இல்லாமப் போகும்? பழைய சர்வர்ல கண் மூடித் திறக்கறதுக்குள்ள வந்துதே?"

"அதான் மேடம் எனக்கும் விளங்கல. மைக்ரேஷன் எல்லாத்தையும் பாத்துட்டேன். ஒண்ணுலயும் இல்ல."

"ஏதோ ஒரு கோப்பைத் தொலைச்சிருக்கீங்க. கடைசி புதுசுன்னு பேர் வச்சா அப்படித்தான் ஆகும்."

அவர் வேலைக்கே வந்துவிட்டார். "இப்போ ஒரே ஒரு வரி மேடம். கையாலயே நேரடியாப் போட்டுடுதேன். ஒரு நிமிஷம். மைக்ரேஷனை மத்தியானம் எழுதிக்கலாம்."

முடியாது என்றேன். அவசரத்தில்தான் தப்பு நடக்கும், அவசரத்துக்காகத்தான் நடைமுறை என்று ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். மணி ஒன்பது பதினெட்டு மேடம் என்றார். மைக்ரேஷன் எழுதுங்கள், நான் படித்துப் பார்க்கிறேன், பிறகு ஓட்டுங்கள் என்றேன். சரிங்க என்றார். அந்தச் சரிங்கவில் இருந்த மரியாதையை நான் ரசிக்கவில்லை.

எழுதினார், படித்தேன், ஓட்டினார். பிழை வந்தது. பட்டியலைப் பூட்டாமல் இண்டெக்ஸ் போடுவதற்கு ஒரு தனி வகை இருக்கிறது. ஃபிரேம்வொர்க் வழக்கமாக ஒவ்வொரு மைக்ரேஷனையும் முழுதாக நடக்க வேண்டும் அல்லது நடக்கவே கூடாது என்று ஓர் உறைக்குள் போட்டுத்தான் ஓட்டும். இந்த வகை அந்த உறைக்குள் நடக்காது. உறையைக் கழற்று என்று கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்தார். மறுபடி நான் படித்தேன். ஓட்டினார். இந்த முறை பிழை இல்லை, ஆனால் நகரவும் இல்லை. ஏற்கெனவே உள்ளே சிக்கியிருந்த தேடல்கள் முடிவதற்காக அது காத்துக்கொண்டிருந்தது. வெட்டிவிடலாமா என்றார். வெட்டுங்கள் என்றேன். வெட்டின இடத்தில் புதியவை முளைத்தன, ஆளாளுக்கு மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. கடைசியில் தளத்தையே சில நிமிடம் மூடி வைத்தோம்.

இண்டெக்ஸ் ஏறியபோது மணி ஒன்பது ஐம்பது. தேடு என்பதை அழுத்தினேன். வட்டம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, ஆறு பெயர்கள் வந்து நின்றன. எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

முதல் இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்றாவது பெண் ராயப்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். எடுத்ததும் விஷயத்தைச் சொன்னேன். "மிஷின்ல ஜாக்கெட் கீது மேடம், அது கெடக்கட்டும். ஐடி கார்டு எடுத்துக்கினு கெளம்பறேன். வண்டி கெடைக்குமா?" என்றார். ஆட்டோ வருகிறது என்றேன். மாணவியின் அப்பாவுக்குச் சொன்னபோது அவர் ஏற்கெனவே வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார். மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டை எவ்வளவு தூரம்? மெட்ரோ வேலைக்காக ஒவ்வொரு தெருவையும் வேறொரு தெருவுக்குத் திருப்பிவிட்டிருக்கும் இந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

பத்து இருபத்தைந்துக்கு அவர் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார். மாணவி பத்து மணியிலிருந்து கேள்வித்தாளோடு சும்மா உட்கார்ந்திருந்தாள். இழந்த நேரத்தைக் கடைசியில் கூட்டித் தர முடியாது என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டாராம். விதியில் இடம் இல்லை. அது எந்த விதி என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னது சரிதான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே நான் தவறு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். என் குறிப்பில் அதற்கும் ஒரு படிவம் உண்டு. எது நடந்தது, எதனால் நடந்தது, யாரால் நடந்தது என்று மூன்று கட்டம். முதல் கட்டத்தை நிரப்பினேன். இரண்டாவதில், செயலியை எழுதியவரின் அலட்சியத்தால் ஒரு மைக்ரேஷன் கோப்பு தொலைந்தது என்று எழுதினேன். வாசகம் நன்றாக வந்திருந்தது. அலட்சியம் என்பதற்கு அடிக்கோடுகூடப் போட்டேன்.

ஆதாரம் இல்லாமல் குற்றம் சாட்டக் கூடாது என்பதும் என் குறிப்பில் இருக்கிறது. சர்வர் மாறிய பிறகு பழையதை ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. அதனால் பழைய தரவுத்தளத்துக்குள் போய், அந்தப் பட்டியலின் அமைப்பைப் புதியதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பழையதில் இண்டெக்ஸ் இருந்தது. பகுதி, தேதி இரண்டுக்கும் சேர்த்து, சரியாக. மற்ற எல்லா இண்டெக்ஸ்களுக்கும் ஃபிரேம்வொர்க் தானாக வைத்த பெயர்கள், சிறிய எழுத்தில், வாலில் ஏதோ புரியாத எழுத்துகளோடு. இது ஒன்றுக்கு மட்டும் முதலில் இரண்டு எழுத்து, பிறகு பூஜ்ஜியம் ஒன்று, பிறகு விவரம். எல்லாம் பெரிய எழுத்தில். அந்தத் தரவுத்தளம் பெயர்களைச் சிறிய எழுத்தாக மாற்றிவிடும் பழக்கம் உள்ளது. மாற்றக் கூடாது என்றால் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கொடுக்க வேண்டும். யாரோ அதையும் மறக்காமல் போட்டிருந்தார்.

சென்னையில் அப்படிப் பெயர் வைக்கிற ஆள் இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த அறையில் ஒருத்திதான் இருந்தாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய வருடம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. நவம்பர் தேர்வுக்காகத் தேடல்கள் அதிகமாகி, ஒவ்வொன்றும் அரை நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. துணிக்கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார், பண்டிகை முடியும்வரை கைபேசியை எடுக்கமாட்டார். இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் இல்லை. கடவுச்சொல் என்னிடம் இருந்தது. ஒரே ஒரு வரி. நான் என்ன நேற்று வந்தவளா? தட்டினேன். தேடல் பறந்தது. மைக்ரேஷன் கோப்பைத் திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அடையாறில் பல் டாக்டர், வேர் சிகிச்சை. செவ்வாய்க்கிழமை வாய் வீங்கியிருந்தது. அதன் பிறகு மறந்தே போனேன்.

பண்டிகை முடிந்து வந்தவர், நல்லா ஸ்பீடாயிட்டே மேடம், என்ன செஞ்சீங்க என்று கேட்டார். பார்த்துச் செய்தேன் என்றேன். சிரித்தேன் என்றும் நினைக்கிறேன்.

அன்று எழுதாத அந்தக் கோப்புதான் புதிய சர்வரில் ஓடவில்லை. கோப்பே இல்லாதபோது எப்படி ஓடும்? வரிசையாக ஓட்டினால் அப்படியே எழுந்து நிற்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான்தான், எழுந்து நிற்காதபடி ஒரு செங்கல்லைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்தேன்.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நீங்களா மேடம்?"

"நான்தான்."

"இதே நான் செஞ்சிருந்தா என்னைய என்ன பண்ணிருப்பீங்க?"

"வெளியே அனுப்பியிருப்பேன்."

"யாராக இருந்தாலும்னு போட்டிருக்கீங்கல்லா, முதல் பக்கத்துல." பிறகு அவரே, "நாளைக்கு ஆபீசுக்கு வந்துடுங்க மேடம். உங்களை விட்டா பதிவேட்டுல கையெழுத்துப் போட ஆளில்ல" என்றார். கேலியா கருணையா என்று பிரிக்க முடியவில்லை. எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

காலையில் அவர் சொன்னபடி விட்டிருந்தால் ஒன்பது இருபதுக்கே பெயர்கள் கிடைத்திருக்கும், எழுதுகிறவர் பத்து மணிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அதற்காக நடைமுறை தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அன்று காலை நான் பிடிவாதம் பிடித்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானம் இல்லை. தீபாவளிக்கு முன் பிடிவாதம் பிடிக்காதது தப்பு. அதில் சந்தேகமே இல்லை.

அறிக்கையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் என் பெயர். அடிக்கோட்டையும் விடவில்லை.

மிச்சம் இருந்தது அந்தப் பெண்ணிடம் சொல்வது. சனிக்கிழமை அவளே அப்பாவோடு அலுவலகத்துக்கு வந்தாள், அடுத்த தாளுக்கு ஆள் உறுதியா என்று கேட்க. இந்த முறை இரண்டு பேரை ஏற்பாடு செய்திருக்கிறேன் என்றேன். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். இண்டெக்ஸ், மைக்ரேஷன் எல்லாம் அவளுக்குப் புரியுமா என்று தயங்கினேன். அப்பாதான் குறுக்கே வந்தார்: "வுடுங்க மேடம், எல்லாருக்கும் ஆவறதுதான்."

அவள் விடவில்லை. "அப்போ நீங்க போட்டதை எழுதி வைக்கல. அதனால புது எடத்துக்கு அது வரல. அவ்ளோதானே மேடம்?" என்றாள். இதைவிடச் சுருக்கமாக என் எட்டுப் பக்கத்தில் எங்கும் இல்லை.

"தேர்வு எப்படி எழுதினே?"

"அந்தக்கா சூப்பரா எழுதினாங்க. கடைசி இருபது மார்க் கேள்விதான் போச்சு. ரயத்துவாரி முறையின் விளைவுகள். பதில் தெரியும் மேடம், ஃபுல்லா தெரியும். எழுதத்தான் டைம் இல்ல." பிறகு அவளே கேட்டாள்: "நீங்க எழுதுறீங்களா? இப்போ ஒண்ணும் உங்க படிப்பு ஜாஸ்தின்னு யாரும் கேக்கப்போறதில்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் காகிதம் எடுத்தேன்.

சொல்ல ஆரம்பித்தாள். நான் இத்தனை வருடம் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் உட்கார்ந்து எழுதியதில்லை. இரண்டாவது பத்தியிலேயே பின்தங்கிவிட்டேன். ஒரு வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் அவள் அடுத்ததன் பாதிக்குப் போயிருப்பாள். பேனாச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தாள். "மேடம், அங்க நிறுத்திட்டீங்க. விவசாயி வரியை அரசுக்கு நேரடியாகன்னு சொன்னேன், அந்த நேரடியாக விட்டுப்போச்சா?" விட்டுத்தான் போயிருந்தது. நிலவரி, கடன், பஞ்சம் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக, தலைப்பும் உட்தலைப்புமாக, மனதுக்குள் அச்சடித்து வைத்ததுபோல் இருபது நிமிடம் சொன்னாள். முடிவுரையில் மூன்று வாக்கியம். என் விரல்கள் மரத்துப் போயிருந்தன.

"படிங்க" என்றாள். படித்தேன். இரண்டு இடத்தில் திருத்தினாள்.

"நீங்க எங்க ஸ்கிரைப்பு டெஸ்ட்ல ஃபெயில் மேடம்" என்றாள். அவள் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் மறுக்கவில்லை.

அந்தத் தாளில் அவள் தேறினாள், எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. பி.எட்.டும் கிடைத்தது, அவள் விரும்பிய கல்லூரியில் இல்லை. அந்த இருபது மதிப்பெண்தான் காரணமா என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்கத் துணிந்ததில்லை. நான் எழுதிய ஆறு பக்கமும் தவறு அறிக்கையோடு பதிவேட்டில் இருக்கின்றன. துணிக்கடைக்காரர் இப்போது கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கிறார், நான் எந்தக் கோப்பை எழுதினாலும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார், வேண்டுமென்றே மெதுவாக.

இப்போதும் யாராவது ஒரே ஒரு வரிதானே, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று என்னிடம் சொன்னால் எனக்கு முன்போலச் சொற்பொழிவு வருவதில்லை. பதில் முழுவதும் தெரிந்த ஒரு பெண், எழுத ஆள் இல்லாமல், எதிரே கேள்வித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இருபத்தைந்து நிமிடம்தான் வருகிறது.